மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை

நோர்பி, மினசோட்டா
ஆகஸ்ட் 31, வியாழன், மாலை ஆறேகால்

அன்பிற்குரிய தங்கை வெர்னாவுக்கு, அண்ணன் ஓரின் எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் உன் அண்ணி லவோனும். பிறகு, போன வாரம் வரை நலமில்லாமல் இருந்து, நான் பின்பக்கத்தைக் கழற்றித் தூசு தட்டியதும் தேறிவிட்ட ஃபிரிட்ஜும். அங்கு உன் முழங்காலும், வாசல் கள்ளிச்செடியும், அரிசோனா வெயிலும் அதனதன் அளவில் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். இந்த வருஷம் சோளம் பரவாயில்லை. மழை போதாது, ஆனாலும் குறை சொல்வதற்கில்லை. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். கல்லூரியில் முதல் பருவத்துக்கு எத்தனை வகுப்பு எடுத்தாய் என்பது ஒன்று. அக்டோபரில் அங்கே வரட்டுமா என்பது இன்னொன்று. இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்: வேண்டாம்மா. ஜூலையில் நீ ஃபோனில் கேட்டபோது சொன்னதேதான். இரண்டு விமானம் மாறி வரவேண்டும், உனக்கு எதற்கு வீண் சிரமம்? மாடி அறையில் வேறு லவோனின் தையல் மெஷின் குடியிருக்கிறது. முதல் கேள்விக்குப் பதில்: ஒன்று.

ஒன்றா என்று நீ வாயைப் பிளப்பது இங்கே கேட்கிறது. முப்பத்தைந்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு ஒன்று ரொம்பச் சின்ன எண்தான். அது எப்படி ஒன்றாயிற்று என்று விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. மார்ச் மாதம் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டியின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து நான் வீட்டில் என்ன செய்தேன் என்று லவோனைக் கேட்டால், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து குருவி எண்ணினான் என்பாள். அது முழு உண்மை இல்லை; சில நாள் அணிலும் எண்ணினேன். மே மாதம் கல்லூரியின் பாடப் பட்டியல் தபாலில் வந்தது. எல்லார் வீட்டுக்கும் வருவதுதான், வழக்கமாக அடுப்புப் பற்றவைக்கப் போய்விடும். இந்தத் தடவை நான் பிரித்துப் பார்த்தேன். பதினாலாம் பக்கத்தில் 'வானிலை அறிவியல்' என்று ஒரு வகுப்பு. வெர்னா, முப்பத்து நாலு குளிர்காலம் பனி தள்ளியிருக்கிறேன். ஒரு நாள் பனி மாவு மாதிரி பறக்கும், ஒரு நாள் ஈரச் சிமெண்ட் மாதிரி அப்பிக்கொள்ளும், இரண்டு அங்குலம் என்று ரேடியோவில் சொல்லிவிட்டுப் பதினாலு அங்குலம் கொட்டும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு விழுந்தது, எந்தப் பக்கக் காற்று, எப்படிப்பட்ட பனி என்று சட்டைப்பை டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். கராஜில் முப்பத்து நாலு டைரி இருக்கிறது. இது லவோனுக்குக்கூட இந்த வருஷம்தான் தெரியவந்தது. ஏன் அப்படி விழுந்தது என்று மட்டும் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அது தெரிய வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான். இந்த வகுப்பு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும் என்று பட்டியலில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. இப்போது எனக்கு அறுபத்து மூன்று.

ஆகஸ்ட் நடுவில் கல்லூரிக்குப் போனேன். முதல் வருஷக்காரர்கள் எத்தனை வகுப்பு எடுப்பது என்று ஆலோசனை சொல்லவே ஒரு அலுவலகம் வைத்திருக்கிறார்கள். அங்கே மரிசோல் என்று ஒரு பெண், முப்பது வயது இருக்கும், டெக்சஸின் தென்கோடியிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகிறதாம். ஒரு குளிர்காலம்கூட இன்னும் பார்க்கவில்லை, பாவம். நல்ல மாதிரி. போனதும் "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். "ஐயோ வேண்டாம்மா, உங்களுக்கெதுக்குச் சிரமம்" என்றேன். "சரி" என்று ஜாடியைத் திரும்பவும் சூடு தட்டில் வைத்துவிட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீ போய் முப்பது வருஷமாகிறது, நம்ம ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். இங்கே ஒருவர் எதையாவது கொடுத்தால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம், நிஜமாவே வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால், "சரி, ரொம்பச் சொல்றீங்க, ஒரு சின்னத் துண்டு" என்போம். முதல் தடவையே கை நீட்டினால் அலைஞ்சான், ஆசை பிடித்தவன் என்று பேர். மூன்றாம் தடவை கேட்காமல் விட்டால் கொடுத்தவருக்கு மனசில்லை என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. டெக்சஸில் யாருக்கும் தெரியவே தெரியாது என்று இப்போதுதான் தெரிகிறது.

மரிசோல் என் பேப்பரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பிரமாதம் மிஸ்டர் ஓரின்! வானிலை, அதுக்குக் கூடவே கணக்கு எடுத்தாகணும், கட்டுரை எழுதற வகுப்பு, அப்புறம் புதுசா வர்ற எல்லாருக்கும் கட்டாயமா இருக்கிற 'கல்லூரியில் படிப்பது எப்படி'. மொத்தம் நாலு. நாலு போட்டுடலாமா?" நாலும் வேண்டும் என்றுதான் போயிருந்தேன், வெர்னா, பட்டியலில் பென்சிலால் நாலையும் வட்டம் போட்டிருந்தேன். ஆனால் வாய் என்ன சொல்லிற்று? "ஐயோ, நாலெல்லாம் எனக்கு எதுக்குங்க, இந்தக் கிழவனுக்கு அதிகம்." "ஓ, சரி சரி, உங்களுக்கு எது வசதியோ அதான்" என்று அந்தப் பெண் ஒரு பொத்தானைத் தட்டினாள். கட்டுரை போயிற்று. "அப்போ மூணு, ஓகேவா?" நான் சிரித்துக்கொண்டே, "மூணுகூட... சின்னப் பசங்க இடத்தைப் போய் நான் பிடிச்சுக்கறதா, நல்லாவா இருக்கும்?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை. "எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!" என்று சொல்லி இன்னொரு தட்டு. கணக்கு போயிற்று. கணக்கு இல்லாவிட்டால் வானிலை கிடையாதாம், அதுவும் தானாகக் கழன்று விழுந்தது. இரண்டு தடவை வேண்டாம் என்றதற்கு மூன்று வகுப்பு காலி. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மூன்றாம் தடவைக்காகக் காத்திருக்கிறேன், முகத்தைக்கூடத் தயாராக வைத்திருக்கிறேன், "சரி, ரொம்பச் சொல்றீங்க" நாக்கு நுனியில் நிற்கிறது. அவள் காகிதத்தை அச்செடுத்து என் கையில் கொடுத்து, "வாழ்த்துக்கள்!" என்றாள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் லவோன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "எத்தனை?" "ஒண்ணு." "வானிலையா?" "இல்ல." "பின்ன?" "கல்லூரியில படிக்கிறது எப்படின்னு ஒரு வகுப்பு." கத்தியைக் கீழே வைத்தாள். "அதாவது, எப்படிப் படிக்கிறதுன்னு மட்டும் படிக்கப் போற. படிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல." "ஆமா." "ஓரின், நீ பொறந்தப்போ உன்னைத் தூக்கட்டுமான்னு டாக்டர் மூணு தடவை கேட்டாரா?" என்றாள். கராஜுக்குப் போய் டைரிகளை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கியது. இருபத்தாறு பேர், என் முழங்கால் மட்டும்தான் சத்தம் போட்டது. டெனிஸ் என்று வாத்தியார், நாற்பது வயது, நல்ல தெம்பாகப் பேசுகிறார். வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வீட்டில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும், அதுதான் கணக்கு, எத்தனை வகுப்பு எடுப்பது என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், வாரத்தை வைத்து முடிவு செய்யுங்கள் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு வாரம் முழுக்கக் கட்டம் போட்ட தாள் ஒன்று கொடுத்து, உங்கள் வகுப்பு, படிப்பு, வேலை, தூக்கம் எல்லாவற்றையும் நிரப்புங்கள் என்றார். என் பக்கத்தில் ஹோடன் என்று ஒரு சோமாலிப் பெண், நர்ஸ் ஆகப் போகிறாள், ஐந்து வகுப்பு எடுத்திருக்கிறாள், மாலையில் கடை வேலை வேறு. அவள் தாளில் வெள்ளையே இல்லை. தூக்கத்தை ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள். என் தாளில் செவ்வாய் ஒன்று, வியாழன் ஒன்று, படிப்பு நாலு. மிச்சமெல்லாம் பனி விழுந்த வயல் மாதிரி கிடந்தது. மரியாதைக்கு 'புல் வெட்டுதல்' என்று ஒரு கட்டத்தில் எழுதினேன். ஹோடன் எட்டிப் பார்த்து, "அங்கிள், மத்த வகுப்பெல்லாம் பின்பக்கத்துல எழுதியிருக்கீங்களா?" என்றாள். "இவ்வளவுதாம்மா." "இவ்வளவுதானா! எனக்குக் கொஞ்சம் கட்டம் தர்றீங்களா?" "எடுத்துக்கோ, புதன்கிழமை முழுசும் எடுத்துக்கோ" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் டெனிஸ் திரும்பிப் பார்த்தார். முதல் நாளே நான் வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட ஆள்.

வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? வேறு ஒரு வகுப்பில் எடுத்த குறிப்பை வியாழக்கிழமை கொண்டுவர வேண்டும், அதை வைத்துக் குறிப்பெடுப்பது எப்படி என்று சொல்லித்தருவாராம். வேறு வகுப்புக்கு நான் எங்கே போவது? புதன் மாலை டிவியில் வானிலைச் செய்தி பார்த்து, வரிவரியாகக் குறிப்பெடுத்தேன். தெற்குக் காற்று, ஈரப்பதம், மேற்கே தாழ்வு அழுத்தம், அது வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று என் யோசனை, அதே மாதிரி 1996-இல் வந்தபோது என் டைரியில் என்ன இருந்தது என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. இன்று டெனிஸ் அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, குறிப்புன்னா இது குறிப்பு! எந்த வகுப்புல எடுத்தது சார்?" என்றார். "ஆறு மணிச் செய்தி" என்றேன். இருபத்தாறு பேரும் சிரித்தார்கள். டெனிஸ் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கதவருகே நின்று, "நீங்க ஏன் அந்த வானிலை வகுப்புல இல்ல?" என்று கேட்டார். "அது ஒரு பெரிய கதைங்க" என்றேன். புதிதாக வகுப்பு சேர்ப்பதற்கு நாளை வெள்ளி மாலை நாலு மணியோடு சரி, அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று, புதன் காலை, லவோன் விரட்டிய விரட்டில் மறுபடி மரிசோலைப் பார்க்கப் போனேன். சும்மா போய் எப்படிக் கேட்பது? ருபார்ப் தண்டைப் போட்டு லவோன் சுட்ட இனிப்பு ஒரு தட்டு எடுத்துப் போனேன். முதலில் மழை பற்றிப் பேசினோம். பிறகு அவள் கார் குளிர்காலத்தில் கிளம்ப என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன், அது ஒரு கால்மணி. பிறகு மெல்ல விஷயத்துக்கு வந்தேன். "மத்த வகுப்பெல்லாம் இப்போ நிறைஞ்சிருக்கும், இல்லீங்களா" என்றேன். "இல்லையே, வானிலைல மூணு இடம் இருக்கு" என்றாள். இதைவிட என்ன சொல்ல முடியும் ஒரு மனுஷன்? பச்சையாகக் கேட்டாயிற்று. அவள் புன்னகையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா, நல்லது, யாருக்காவது உபயோகப்படும்" என்றேன். "ஆமா!" என்றாள். சரி, கடைசி வழி என்று முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "சரி, அப்போ..." என்று எழுந்தேன். நம்ம ஊரில் அப்படி எழுந்தால், "என்ன அவசரம், உக்காருங்க" என்று பிடித்து உட்கார வைத்து, மனசில் இருப்பதை அப்போதுதானே பேசுவார்கள். அந்தப் பெண் எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள். தட்டையும் கழுவித் தருவதாகச் சொன்னாள்.

இன்று சாப்பாட்டு மேசையில் இதெல்லாம் வந்தது. "நாளைக்கு நாலு மணி" என்றாள் லவோன். "போய்க் கேளு. வாயைத் திறந்து, எனக்கு நாலு வேணும்னு கேளு." "அவங்க ரெண்டு தடவை கேட்டாங்க, நான்தான் வேண்டாம்னேன். இப்போ நானா போய்க் கேட்டா என்ன நினைப்பாங்க?" என்றேன். அதற்கு அவள், "உங்கப்பாவை மாதிரியே பேசாத" என்றாள். அப்பா எங்கே வந்தார் இதில் என்றேன். வெர்னா, இனி எழுதப் போவதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. 1978-இல் எனக்குக் கல்லூரியில் இடம் வந்த கடிதம் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா காலைச் சாப்பாட்டில் கேட்டார், "போறியாப்பா?" என்று. "எதுக்குப்பா, இங்க வேலை கெடக்கு" என்றேன். மாட்டுக்கொட்டகையில் பால் கறக்கும்போது இன்னொரு தடவை கேட்டார். "இல்லப்பா, பரவாயில்ல" என்றேன். அப்புறம் நான் காத்திருந்தேன். ஜூன் முழுக்கக் காத்திருந்தேன், ஜூலையில் வைக்கோல் கட்டும்போது அவர் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் இதோ கேட்கப் போகிறார் என்று நினைப்பேன். செப்டம்பரும் வந்துவிட்டது. அவர் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் உன்னைக் கேட்டார், நீ வாய் நிறைய உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு, மெல்லாமல்கூட, "போறேன்!" என்றாய். அம்மா முள்கரண்டியைக் கீழே போட்டாள். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நீ அலைஞ்சவள் என்று மனசுக்குள் திட்டினேன். அம்மா சாவுக்கு நீ வந்தபோது உன்னோடு சரியாகப் பேசாததற்கும் அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை கேட்கிற அளவுக்கு நான் லாயக்கில்லை என்று அப்பா நினைத்துவிட்டார் என்றே நாற்பத்தைந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லவோன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். அப்பாவின் கடைசிக் குளிர்காலத்தில் முதியோர் இல்லத்தில் அவள்தான் போய் சூப் ஊட்டிவிடுவாள், நான் பனி தள்ளும் வண்டியில் இருப்பேன். ஒருநாள் அவராகவே சொன்னாராம்: "பையன்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். மூணாவது தடவை கேட்டா சரின்னுடுவான்னு தெரியும். அதான் கேக்கல. அவன் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" "பதினாறு வருஷமா இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீ என்னிக்காவது கேட்டியா?" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அப்பாமேல் கோபமாகவும் இருந்தது, அவரை இப்போதே பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. லவோன் மேசையைத் துடைத்துக் கொடுத்தாள், நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

எழுதிக்கொண்டே யோசித்ததில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த வயதில் ஒரு வகுப்பு தாராளம். நாலு என்றால் வீட்டில் மட்டும் வாரத்துக்கு இருபத்து நாலு மணி படிப்பு, கண்ணும் பழைய கண் இல்லை, கணக்கு விட்டுப்போய் நாற்பத்தைந்து வருஷம். முதல் பருவத்தில் அகலக்கால் வைக்கக் கூடாது என்றுதான் விவரம் தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். வானிலை வகுப்பு எங்கே ஓடிவிடப் போகிறது? இரண்டு வருஷம் கழித்து மறுபடி வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இதில் துளியும் வருத்தமில்லை, நீயும் வருத்தப்படாதே. உன் பழைய கணக்குப் புத்தகங்களை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய், அதெல்லாம் வேண்டாம், தபால்காரருக்குப் பாரம். அக்டோபரிலும் நீ சிரமப்பட வேண்டாம், இங்கே எல்லாம் அதது பாட்டுக்கு நடக்கிறது.

உன் முழங்கால் குணமாகட்டும், கள்ளி பூக்கட்டும், வெயில் உன்னைக் கொஞ்சம் பார்த்து நடத்தட்டும். லவோன் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். ஃபிரிட்ஜும் உறுமலோடு ஆமோதிக்கிறது.

என்றும் உன் நலம் நாடும் அண்ணன்,
ஓரின்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. மேலே எழுதிய எதையும் நம்பாதே. காலையில் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடப் போனேன், போடவில்லை, வண்டி நேரே கல்லூரிக்குப் போய்விட்டது. மரிசோல் தட்டைக் கழுவி வைத்திருந்தாள். "காபி சாப்பிடறீங்களா?" என்றாள். "கொடுங்க" என்றேன். முதல் தடவையே! வாயில் வைக்க முடியாத காபி, முழுசும் குடித்தேன். அப்புறம், "எனக்கு நாலும் வேணும்" என்றேன். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "முதல் பருவத்துக்கு நாலு கொஞ்சம் பாரம் மிஸ்டர் ஓரின், நல்லா யோசிச்சீங்களா?" என்றாள். நாற்பத்தைந்து வருஷம் யோசித்தேன் என்றேன். பொத்தானைத் தட்டினாள். நாலும் வந்தது. வானிலையில் அதுதான் கடைசி இடம், அதை நான் எந்தச் சின்னப் பிள்ளைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமை விடுமுறை, செவ்வாய் முதல் முப்பத்து நாலு டைரியும் வண்டியில் ஏறுகிறது. கணக்கு முதல் பாடத்தைப் பிரித்துப் பார்த்தேன், ஒரு மண்ணும் புரியவில்லை. புத்தகங்களை அனுப்பு. இல்லை, அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா. தையல் மெஷினை லவோன் காலையிலேயே கீழே இறக்கிவிட்டாள். வரட்டுமா என்று இதுவரை இரண்டு தடவை கேட்டாய். மூன்றாவது தடவை நீ கேட்க வேண்டாம் வெர்னா, இந்தத் தடவை நான் கேட்கிறேன். வருகிறாயா?